அத்தாவை ஆத்தா என்று வாசித்த தங்கைக்கு

அன்புத் தங்கச்சி மாலதிக்கு,

இந்தத் தடவை தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன். இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடித்து நாம் இரண்டு பேரும் பட்ட பாடு போதும்.

நீ வேலை பார்த்த நிறுவனத்தில் உனக்கு நினைவு மலர் போடுகிறார்களாம். இணையத்தில் உன்னிடம் ஆலோசனை கேட்டவர்கள் விருப்பப்பட்டால் நாலு வரி எழுதித் தரலாம், பெயர் போடத் தேவையில்லை என்று மின்னஞ்சல் வந்தது. நம்முடைய சமாச்சாரம் நாலு வரியில் அடங்குமா? அடங்காது. அதனால் பேப்பரை எடுத்து நீளமாகவே எழுதிக்கொண்டிருக்கிறேன். வேண்டாததை அவர்கள் வெட்டிக்கொள்ளட்டும்.

படிப்பவர்களுக்கு நான் யாரென்று சொல்லிவிடுகிறேன், நீ கொஞ்சம் பொறுத்துக்கொள். என் பெயர் நூர் முகமது. பல்லாவரத்தில் ஷூவுக்கு மேல்தோல் தைத்து ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் டெஸ்பாட்ச் சூப்பர்வைசர். லாரி நேரத்துக்கு வரவில்லை என்றால் கத்துவதுதான் என் உத்தியோகம். வீட்டில் நானும் என் மகள் நசீமாவும் மட்டும். அவளுடைய அம்மா ஜீனத் ஒருநாள் காலையில் தலை வலிக்கிறது என்றாள், அன்று சாயங்காலம் இல்லை. நசீமா அப்போது ஒன்பதாவது சேர்ந்திருந்தாள்.

அதற்குப் பிறகு அவள் பேசுவதைக் குறைத்துக்கொண்டே போனாள். சண்டை இல்லை, அழுகை இல்லை. கேட்டதற்குப் பதில் வரும், அவ்வளவுதான். நான் அதைப் பொறுப்பு வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் டீச்சர்தான் கூப்பிட்டு, "சார், அவ கிளாஸ்ல வாயே தொறக்கறதில்ல. ஒரு கவுன்சிலிங் போனா நல்லது" என்றார்கள். கூட்டிட்டுப் போறேன் டீச்சர் என்றேன். "அவளுக்கு அப்புறம் பாக்கலாம் சார். நான் சொன்னது உங்களுக்கு" என்றார்கள்.

எனக்குக் கோபம் வந்தது. எனக்கு என்ன கேடு? வேலைக்குப் போகிறேன், சமைக்கிறேன், துவைக்கிறேன். ஆனாலும் டீச்சர் கொடுத்த நோட்டீஸைக் கிழித்துப் போடவில்லை. மன அழுத்தத்தில் இருக்கும் பெற்றோர், வாழ்க்கையில் பெரிய மாற்றத்தைச் சந்திப்பவர்கள், நேரில் வர வேண்டாம், முகம் காட்ட வேண்டாம், கணினி வழியாகவே பேசலாம் என்று அதில் போட்டிருந்தது. முகம் காட்ட வேண்டாம் என்பதுதான் எனக்குப் பிடித்தது.

வீட்டில் கணினி ஏது? பல்லாவரத்தில் எல்லா பிரவுசிங் சென்டர்காரருக்கும் என்னைத் தெரியும் என்று குரோம்பேட்டைக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே ஒரே பையன்கள் கூட்டம், திரையில் கார் ஓட்டிக்கொண்டு கத்திக்கொண்டிருப்பார்கள். கடைசியில் பிளைவுட் தடுப்பு போட்டு, திரைச்சீலை தொங்கவிட்ட ஓர் இடத்தைக் காட்டினார் ஓனர். உட்கார்ந்து என் பெயரை அடித்தேன். பெட்டி சின்னதாக இருந்ததால் நூர் என்பதோடு நிறுத்திக்கொண்டேன். யார் நீங்கள் என்று நீ கேட்டாய். நான் நசீமாவோட அத்தா, துணை போன பிறகு புள்ளை என்னோட பேச மாட்டேங்குது என்று ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தேன்.

"வணக்கம் அக்கா, சாப்பிட்டீங்களா?" என்று பதில் வந்தது.

அண்ணா என்று அடிக்கப்போய் உன் விரல் தவறிவிட்டது என்று நினைத்தேன். ஒரு வரி அடிக்க ஒரு டீ குடிக்கிற நேரம் எடுத்துக்கொள்பவன் அடுத்தவர் பிழையைச் சொல்லிக்காட்டலாமா? விட்டுவிட்டேன். அடுத்த வரியிலும் அக்கா வந்தது. அதற்கடுத்த வரியிலும். சரி, கடையில் எல்லாரையும் அண்ணா என்பது மாதிரி இவர்கள் எல்லாரையும் அக்கா என்பார்கள் போலிருக்கிறது, கம்பெனி வழக்கம் என்று முடிவு கட்டினேன்.

நீ எனக்குப் புத்தி சொல்வாய் என்று எதிர்பார்த்துத்தான் வந்தேன். நீ கேள்வி கேட்டாய். இன்றைக்குக் காலையில் நசீமா கடைசியாக என்ன பேசினாள் என்று கேட்டாய். "டீ"ன்னு சொன்னா என்றேன். நீங்க என்ன சொன்னீங்க என்றாய். "வெச்சிட்டுப் போ"ன்னேன் என்றேன். அதை அடித்து முடித்துத் திரையில் பார்த்தபோது எனக்கே ஒரு மாதிரி இருந்தது. வீட்டில் நடந்தபோது அது சாதாரணமாகத்தானே இருந்தது?

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை நடந்தது உனக்கு மறந்திருக்காது. அந்த வாரம் நசீமாவுக்கு மாதத்துச் சங்கடம். அம்மா வாங்கி வைத்தது தீர்ந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது, அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. மெடிக்கல் ஷாப்புக்குப் போனேன். அங்கே நின்று, பக்கத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு, இருமல் மருந்து வாங்கிக்கொண்டு வந்தேன். இதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? நல்லவேளையாக முகம் தெரியவில்லை. அடித்தேன்.

"இதுக்கு ஏன்க்கா இவ்ளோ கூச்சம்? நம்ம காலத்துல துணியைத் துவைச்சு யாரும் பாக்காத எடத்துல காயப்போட்டுச் சமாளிச்சோம். நீங்களும் அப்படித்தானே?" என்று கேட்டாய்.

அதைப் படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"நான் எப்படிம்மா? நான் ஆம்பளை" என்று அடித்தேன்.

உன் பக்கத்திலிருந்து ஒன்றும் வரவில்லை. கனெக்‌ஷன் போய்விட்டதா என்று ஓனரைக்கூடக் கூப்பிட்டேன். அப்புறம் வந்தது. "ஆத்தான்னுதானே சொன்னீங்க?"

"ஆத்தா இல்லம்மா, அத்தா. எங்க வீட்ல அப்பாவை அத்தான்னு கூப்பிடுவோம்."

"ஐயோ சார். எங்க ஊர்ல ஆத்தான்னா அம்மா. நீங்க நூர்னு வேற போட்டிருந்தீங்க. நான் நூர்ஜஹான்னு நெனச்சிட்டேன் சார். மன்னிச்சிடுங்க சார்."

அத்தா, ஆத்தா இரண்டுக்கும் இங்கிலீஷில் அதே எழுத்துதான். ஒரு குறில் நெடிலானதில் நான் அம்மாவாகிவிட்டேன். நான் வந்தேன், நான் போனேன், நான் அழுதேன் என்று எத்தனை வாரம் எழுதினாலும் நம் பாஷையில் ஆணா பெண்ணா என்று தெரியாது. துணை என்றாலும் தெரியாது. இதில் உன் தப்பு என்ன, என் தப்பு என்ன?

ஆனால் அதற்கடுத்த ஞாயிறு எல்லாம் போச்சு. வரிக்கு வரி சார் போட்டாய். எப்படி இருக்கீங்க சார். பரவாயில்லை. தூங்கறீங்களா சார். தூங்கறேன். சார் என்று யாராவது கூப்பிட்டாலே எனக்கு வாசலில் லாரி வந்து நிற்கிற நினைப்பு வந்துவிடும், முதுகு தானாக நிமிர்ந்துகொள்ளும். எல்லாவற்றையும் சமாளித்துக்கொண்டிருக்கிறேன் என்று மூன்று விதமாகச் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். வழியெல்லாம் ஒரே எரிச்சல். சொல்ல வந்தது ஒன்றைக்கூடச் சொல்லவில்லை.

அடுத்த வாரம் உட்கார்ந்ததும் முதல் வரியாக அதைத்தான் அடித்தேன். "பழையபடி அக்கான்னே கூப்பிடும்மா. சார்னா எனக்கு வாய் வரலை."

"கை வரலைன்னு சொல்லுங்க" என்றாய். அப்புறம், "மீசை இருக்கா?" என்று கேட்டாய்.

"தாடியே இருக்கு."

"சரி, தாடி வச்ச அக்கா, இந்த வாரம் என்ன ஆச்சு, சொல்லுங்க."

சென்டர்காரர் திரைச்சீலையை விலக்கிப் பார்த்தார், உள்ளே பெரிய மனிதர் தனியாகச் சிரித்துக்கொண்டிருக்கிறாரே என்று. அன்றைக்கு நான் ஜீனத்தைப் பற்றி எழுதினேன். அவள் இறந்த வாரமே அவளுடைய சேலைகளை எல்லாம் மூட்டை கட்டி என் அக்காவிடம் கொடுத்தனுப்பிவிட்டதை எழுதினேன். கண்ணில் பட்டால் என்னால் வேலைக்குப் போக முடியாது என்பதற்காக அப்படிச் செய்தேன் என்று எழுதினேன். தாடி வைத்த எந்த ஆளிடமும் இதைச் சொல்லியிருக்க மாட்டேன். சொல்லியிருந்தாலும் விடுங்க பாய், காலம் மாத்திடும் என்றிருப்பான். நீ சேலைகள் என்ன நிறம் என்று கேட்டாய்.

குரோம்பேட்டையில் யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன் பார், அதுதான் என் அறிவு. கம்பெனியில் லோடு ஏற்றும் ஏழுமலைக்கு அந்தத் தெருவில்தான் வீடு. ஒருநாள் எல்லார் முன்னாடியும் கேட்டான். "இன்னா பாய், ஞாயித்துக்கெயமன்னா கர்ட்டன் போட்ட ரூம்புல குந்திகினு யாராண்டயோ டைப்பு அட்ச்சிகினு கீறியாமே? தனியா சிரிச்சிகினு வேற கீறியாம். ரெண்டாவது கண்ணாலமா?"

"போடா, வேலையைப் பாரு" என்றேன். அவன் விளையாட்டுக்குத்தான் சொன்னான். ஆனால் பிரவுசிங் சென்டர் திரைச்சீலைக்கு என்ன பெயர் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பேச்சு பல்லாவரம் முழுக்கப் போனது. அங்கிருந்து வாணியம்பாடிக்கும் போனது. அங்கேதான் என் அக்கா ஹாஜரா இருக்கிறாள்.

முன்பே அவள் ஒரு முறை சொல்லியிருந்தாள், வயசுக்கு வந்த பெண்ணை ஓர் ஆண்பிள்ளை தனியாக வைத்துக்கொண்டு எப்படி வளர்ப்பான், நான் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று. இப்போது சொல்லாமல் கொள்ளாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்கிவிட்டாள். நான் உன்னிடம் இருந்தேன். ஊர்ப் பேச்சை வைத்து என்னைத் தேடிக்கொண்டு நசீமா சென்டருக்கு வந்தாள். எனக்குப் பின்னால் வந்து நின்றது எனக்குத் தெரியவில்லை. "அக்கா, நீங்க முதல்ல நேரத்துக்குச் சாப்பிடுங்க" என்று திரையில் இருந்தது.

"யாரு அக்கா?" என்று கேட்டாள்.

மறைக்கவும் முடியாது, மறைக்க என்ன இருக்கிறது? "நான்தான்" என்றேன்.

அவள் குனிந்து அன்றைக்கு நாம் பேசியது எல்லாவற்றையும் மேலிருந்து கீழே படித்தாள். அவளுடைய பெயர் அதில் எத்தனை தடவை வந்திருக்கும்? படித்து முடித்துவிட்டு, "மாமி வந்திருக்காங்க, வாங்க" என்றாள். எங்களில் அத்தையை மாமி என்போம். உன்னிடம் ஒரு வரிகூடச் சொல்லாமல் எழுந்து ஓடினேன், ஞாபகம் இருக்கிறதா? பஸ்ஸில் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டீச்சர் சொன்னது, நீ கேட்ட கேள்விகள், அத்தா ஆத்தாவானது. மெடிக்கல் ஷாப் கதையை மட்டும் சொல்லவில்லை. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துப் பயந்துபோய்ப் பார்த்தேன், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

வீட்டில் அக்கா சிரிக்கவில்லை. "தம்பி, ஊரே பேசுது. உனக்கு ஒரு துணை வேணும்னா நேரா சொல்லு, நானே பாத்து முடிக்கிறேன். எதுக்கு இந்தத் திருட்டுத்தனம்?"

"அது இல்லக்கா. அது டாக்டர் மாதிரி. மனசுக்கு."

"மனசுக்கா? உனக்கு என்ன பைத்தியமா புடிச்சிருக்கு?"

பெண் சகவாசம் அல்லது பைத்தியம், எனக்குக் கொடுக்கப்பட்டது இந்த இரண்டுதான். எதை எடுத்தாலும் பெண்ணை வளர்க்க லாயக்கில்லாதவன். அக்கா கெட்டவள் இல்லை மாலதி, என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. "முழுப்பரீட்சை முடியட்டும், நசீமாவை நான் கூட்டிட்டுப் போறேன். அங்க என் மருமகளுங்க இருக்காங்க. பொம்பளைங்க நாலு பேர் இருக்கற வீடு" என்றாள். சரி என்று நான் சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. நசீமா டீயை வைத்துவிட்டுப் போனாள்.

அடுத்த ஞாயிறு வெட்கத்தைவிட்டு வந்து உன்னிடம் சொன்னேன். நீ எனக்காக அக்காவைத் திட்டுவாய் என்று ஓர் ஆசை. "நசீமா என்ன சொன்னா?" என்று மட்டும் கேட்டாய்.

"அவகிட்ட கேக்கலை."

"ஏன்க்கா?"

"போறேன்னு சொல்லிட்டா?"

"சொல்லட்டுமே. கேக்காம அனுப்பினா நீங்க அனுப்பினது. கேக்காம வச்சுக்கிட்டா நீங்க வச்சுக்கிட்டது. ரெண்டுலயும் அவ எங்கே இருக்கா?" என்றாய். அப்புறம், "கேட்டுட்டு அடுத்த ஞாயிறு வந்து சொல்லுங்க. எனக்கு லேசா ஜுரம், இன்னைக்குச் சீக்கிரம் கிளம்பறேன்" என்றாய்.

நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தினமும் நினைப்பேன், அவள் பரீட்சைக்குப் படிக்கிறாள், படிக்கும்போது தொந்தரவு செய்யக் கூடாது என்று ஒரு காரணம் கிடைத்துவிடும். அடுத்த ஞாயிறு திரையில் உன் பெயருக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு எரியவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் எரியவில்லை. கேட்காமல் போனது உனக்கு எப்படியோ தெரிந்து, கோபித்துக்கொண்டாய் என்றுகூட நினைத்தேன். உன்னைப் பற்றி நான் ஒன்றுமே விசாரித்ததில்லையே, ஜுரம் எப்படி இருக்கிறது என்றுகூடக் கேட்டு ஒரு வரி அனுப்பவில்லையே.

பிறகுதான் மின்னஞ்சல் வந்தது. ஜுரம் முற்றி, ஆஸ்பத்திரியில் சேர்த்தும் பலனில்லாமல் போய்விட்டாய் என்று. கிழக்குத் தாம்பரத்தில் ஒரு ஹாலில் இரங்கல் கூட்டம், விருப்பப்பட்டவர்கள் வரலாம் என்று. சென்டரில் அந்தப் பிளைவுட் தடுப்புக்குள் உட்கார்ந்து நன்றாக அழுதேன். ஓனர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார், என்ன ஏது என்று கேட்கவில்லை.

வீட்டில் வந்து சொன்னதும் நசீமா, "நானும் வரேன்" என்றாள்.

உன் முகத்தை அங்கேதான் முதன்முதலாகப் பார்த்தேன், மாலை போட்ட படத்தில். கண்ணாடி போட்ட வயதான டீச்சரம்மா மாதிரி கற்பனை செய்து வைத்திருந்தேன். நீ சின்னப் பெண். நம்ம காலத்துல என்று என்னிடம் பேசினாயே, உன் காலம் எது, என் காலம் எது? பிளாஸ்டிக் நாற்காலியில் வந்தவர்கள் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். உன்னிடம் பேசியவர்களாக இருக்கும். யாரும் யாரையும் எப்படித் தெரியும் என்று கேட்டுக்கொள்ளவில்லை.

உன் கணவர் ஒவ்வொருவரிடமும் வந்தார். என் தொப்பியையும் தாடியையும் பார்த்தார். "நீங்க... எந்த வகையில வேணும்?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். உன் வீட்டில் என்னைப் பற்றி ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. ஒன்றும் வெளியே போகாது என்று முதல் நாள் சொன்னாய், அப்படியே செய்திருக்கிறாய். எனக்கு அது பெருமையாக இருந்தது, கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது. என்ன சொல்ல? அக்கா என்று சொல்ல முடியுமா? தெரிஞ்சவர் என்று சொல்ல வாயெடுத்தேன்.

நசீமா முந்திக்கொண்டாள். "எனக்கு மாமி முறை" என்றாள். "எங்க அத்தாவோட தங்கச்சி."

அவர் அவளைப் பார்த்தார், அவளுடைய முக்காட்டைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். "முன்னாடி வந்து உக்காருங்க" என்றார். உன் அம்மாவுக்குப் பக்கத்து நாற்காலிகளில் எங்களை உட்காரவைத்தார். எனக்குத் தெரிந்த துஆவை மனதுக்குள் ஓதினேன். உனக்கு ஆட்சேபணை இருக்காது.

திரும்பும்போது மின்சார ரயிலில் கூட்டம் இல்லை. எதிரெதிரே உட்கார்ந்தோம். தாம்பரத்துக்கும் பல்லாவரத்துக்கும் நடுவே எவ்வளவு தூரம்? சானடோரியம் ஸ்டேஷன் வரை வாயைத் திறக்க முடியவில்லை. வண்டி நகர்ந்ததும் கேட்டுவிட்டேன்.

"மாமி கூப்பிடறாங்கல்ல. உனக்குப் போகணுமா, இருக்கணுமா?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அதான் அனுப்பறதா முடிவு பண்ணிட்டீங்களே."

"நான் எப்போ பண்ணேன்?"

"மாமி சொன்னப்போ நீங்க மாட்டேன்னு சொல்லவே இல்ல. நான் அங்கதானே நின்னுட்டு இருந்தேன்."

அன்றைக்கு டீயை வைத்துவிட்டுப் போனாளே, எதை எடுத்துக்கொண்டு போனாள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவளுக்கு நான் பாரமாகிவிட்டேனோ என்று நான் பயந்துகொண்டிருந்த அத்தனை நாளும், எனக்கு அவள் பாரம் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஒரே வீட்டில், ஒரே சமையலறையில்.

"போறேன்னு சொன்னா விட்டுடுவீங்களா?" என்றாள்.

பொய் சொல்லலாமா என்று தோன்றியது. விட மாட்டேன் என்று சொன்னால் நன்றாக இருக்கும், அவளுக்கும் ஒருவேளை கேட்கப் பிடித்திருக்கும். "விட்டுடுவேன்" என்றேன். "வாரா வாரம் வந்து பாப்பேன். ஆனா நீ இருந்தா எனக்கு நல்லா இருக்கும்."

குரோம்பேட்டை வந்தது, ஆட்கள் ஏறினார்கள், இறங்கினார்கள். வண்டி கிளம்பிய பிறகு சொன்னாள். "இருக்கேன். ஆனா அம்மாவோட சேலை மாமிகிட்ட இருக்குல்ல, அதை வாங்கிக் குடுங்க. அந்தப் பச்சையாவது." அப்புறம் அழுதாள். ரயிலில் நாலு பேர் பார்க்க நானும் அழுதேன். பல்லாவரத்தில் இறங்க மறந்திருப்போம், அவள்தான் கையைப் பிடித்து இழுத்தாள்.

அக்காவுக்கு அன்றைக்கே போன் செய்தேன். அவளிடம் நான் மாட்டேன் என்று சொன்னது வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. திட்டினாள். ஒரு வாரம் பேசவில்லை. பிறகு அவள் மகன் வந்து ஒரு பை கொடுத்துவிட்டுப் போனான், உள்ளே ஜீனத்துடைய சேலைகள், பச்சை மேலேயே இருந்தது. வீட்டில் இப்போது கொஞ்சம் சத்தம் கேட்கிறது. என் உப்புமாவைக் குறை சொல்கிறாள். மெடிக்கல் ஷாப்புக்கு அவளே போய்க்கொள்கிறாள், இருமல் மருந்து வேண்டுமா அத்தா என்று கேட்டுவிட்டுப் போகிறாள். அந்தக் கதையை யார் சொன்னது என்று கேட்காதே, நானே சொல்லிவிட்டேன்.

உனக்குப் பதிலாக எனக்கு வேறொருவரைக் கொடுத்திருக்கிறார்கள். நல்லவர்தான், சார் என்கிறார். பழகிக்கொண்டிருக்கிறேன். சார் என்று கூப்பிட்டாலும் பேச முடிகிறது, மெதுவாக. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்ததும் முதலில் உன் பெயர் இருந்த இடத்தைத்தான் பார்க்கிறேன். ஏன் மாலதி, அடுத்த ஞாயிறு வந்து சொல்லுங்க என்றவள் நீதானே?

இந்தக் கடிதத்தை நசீமா படித்துவிட்டாள். பெயர் போடலாமா என்று அவளைக் கேட்டேன், ஊர் பேசும், பள்ளிக்கூடத்தில் உன்னையும் கேட்பார்கள் என்றேன். போடுங்க என்றாள். அதனால் போடுகிறேன்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இன்னும் சில வருடங்களில் மாப்பிள்ளை வீடு என்று யாராவது வந்து உட்காருவார்கள், என் அக்காவே அழைத்துவருவாள். அந்த டீயை எடுத்துக்கொண்டு நசீமா வருவதற்கு முன்னால் நான் உள்ளே போய் அவளைக் கேட்பேன். அவள் மாட்டேன் என்றால் வெளியே வந்து நான் மாட்டேன் என்பேன். வாயைத் திறந்து, சத்தமாக, அவள் காதில் விழும்படி சொல்வேன்.

கேட்டுவிட்டேன் தங்கச்சி. இருக்கேன் என்று சொன்னாள்.

உன் அக்கா,
நூர் முகமது
பல்லாவரம்